'நைஸ்': மூலப் பொருள்தான் மெய்ப்பொருளா?

ஒரு சொல்லின் மூலப் பொருளே அதன் மெய்யான பொருள், பின்னர் வந்தவை யாவும் திரிபுகள் என்னும் கருத்து கற்றோரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க, ஆங்கிலத்தின் மிக எளிய சொற்களுள் ஒன்றான 'நைஸ்' தக்கதொரு சான்றாகும்.

'அறியாத' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்ற இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தபோது 'மூடத்தனமான' என்ற பொருளையே தாங்கி வந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் அப்பொருளில் அதனை ஆண்டுள்ளார். பின்னர் ஒழுக்கக்கேடு, பகட்டு, நாணம், எதிலும் எளிதில் நிறைவடையாத இயல்பு, நுட்பம், துல்லியம் எனத் தம்முள் முரண்படும் பொருள்களை அது ஏற்றது. 'இனிய', 'நல்ல' என்னும் இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில் தோன்றியதே. 16, 17ஆம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் இச்சொல் எப்பொருளில் வந்துள்ளது என அறுதியிட்டுரைப்பது கடினம் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஒப்புகிறது.

ஜேன் ஆஸ்டின் மறைந்த பின், 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' நாவலில் இச்சொல்லைச் சுற்றியே ஓர் உரையாடல் அமைந்துள்ளது. ஆன் ராட்கிளிஃபின் உடால்ஃபோ நாவலைக் காதரின் 'நைஸ்' எனப் புகழ்கிறாள். நேர்த்தியைச் சொல்கிறாளெனில் அது பைண்டிங்கைப் பொறுத்தது என ஹென்றி டில்னி கேலி செய்கிறான். செம்மையையும் நயத்தையும் குறித்த சொல் இன்று எதற்கெடுத்தாலும் பாராட்டாகிவிட்டது என்பது அவன் குறை.

இக்காட்சியை மொழித் தூய்மைக்கு ஆதரவாக எடுத்துக்காட்டுவோர் உண்டு. அவ்வாசிப்பு மேலோட்டமானது. ஹென்றி 'மூலம்' எனக் காட்டுவது உண்மையில் பாதிவழி. இன்னும் சற்றுப் பின்னே சென்றிருந்தால் 'மூடத்தனம்' அவனை எதிர்கொண்டிருக்கும். தனக்கு உவப்பான காலத்தில் நின்றுகொண்டு அதையே ஆதியென அறிவிக்கிறான். அவனுடைய சகோதரி எலினோர் தரும் மறுமொழி இன்னும் கூர்மையானது. அவனிடம் அறிவைவிட 'நைஸ்' மிகுதி என்கிறாள். இங்கே அச்சொல் குற்றம் காணும் அளவுமீறிய நுணுக்கத்தைக் குறிக்கிறது. அவன் போற்றும் பழம்பொருளின் கிளையொன்றைக் கொண்டே அவனை மடக்குகிறாள். புதிய பொருளும் பழைய பொருளும் அருகருகே உயிர்வாழ்கின்றன. இடமே இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

தமிழில் இதனைப் பெயர்ப்பவர் ஓரிடத்தில் 'அருமையான' என்றும், மற்றோரிடத்தில் 'நுணுக்கம் பார்க்கும்' என்றும் எழுத நேரும். பொருள் பிழைக்கும், எள்ளல் மடியும். எனினும் இதே சொல்லைத் தமிழ்ப் பேச்சு வாளா விட்டுவிடவில்லை. மாவை 'நைஸாக' அரைப்பதில் நுண்மை உண்டு. 'நைஸாக' நழுவுவதிலோ ஆங்கிலம் அறியாத தந்திரம் உண்டு. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' தீநாற்றமாக மாறியதைக் கண்ட மொழிக்கு இது புதிதன்று.

எனவே சொல்லாய்வு என்பது மூலத்தைத் தோண்டியெடுத்துத் தீர்ப்பு வழங்குவதன்று. இன்றைய பொருளைப் பழைய நூலில் ஏற்றுபவர் அந்நூலாசிரியருக்கு அநீதி இழைக்கிறார். பழைய பொருளை இன்று பேசுபவர்மீது சுமத்துபவரும் அவ்வாறே. ஒரு சொல்லை யார், எக்காலத்தில், எவரை நோக்கிக் கூறினார் என வினவிய பின்னரே அதன் பொருளை வரையறுத்தல் முறையாகும்.