ஸ்காட்டின் எதிரி இதயத்துடிப்பு அல்ல

எம்டிவியில் 2011 முதல் 2017 வரை ஓடிய ‘டீன் வுல்ஃப்’ தொடரை விளையாட்டுக் கண்ணோடு பார்த்தால் ஒரு கணக்கு உதைக்கிறது. இதயத்துடிப்பு எகிறினால் நாயகன் ஸ்காட் மெக்கால் ஓநாயாகிவிடுவான் என்பது முதல் சீசன் வகுத்த விதி. ஆனால் அவன் ஆடுவதோ லக்ராஸ். வலை கட்டிய கோலோடு மைதானத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிற எவனுக்கும் துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டும். விதி சரியென்றால் பயல் கால்மணி நேரத்திலேயே கோரைப்பல்லோடு நிற்க வேண்டும். நிற்பதில்லை. ஓட்டத்தில் மாறாதவன், பயிற்சியில் சக வீரன் ஜாக்சன் இடித்துத் தள்ளியதும் மாறத் தொடங்குகிறான். போட்டியில் சொந்த அணியே பந்து தராமல் ஒதுக்கும்போது மாறுகிறான். அவனை உலுக்குவது களைப்பு அல்ல, அவமானம். ஆட்டத்தில் இருக்க வேண்டிய கவனத்தை அது பிடுங்கிக்கொள்கிறது. அவனுடைய சுயகட்டுப்பாடு நிற்பதும் விழுவதும் கவனம் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான்.

இதை மறுப்பவர்கள் வகுப்பறைக் காட்சியைக் காட்டுவார்கள். நண்பன் ஸ்டைல்ஸ் பொருத்திவிட்ட துடிப்புமானியில், பயிற்சியாளர் ஃபின்ஸ்டாக் திட்டத் திட்ட ஸ்காட்டின் துடிப்பு ஏறுகிறது. காதலி ஆலிசன் அவன் கையைப் பற்றியதும் இறங்குகிறது. துடிப்பு இறங்கியதால்தானே தப்பித்தான்? தொடரின் இன்னொரு ஓநாய் மனிதன் டெரெக் ஹேலைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. அவனை மனித உருவில் பிடித்துவைக்கும் ‘நங்கூரம்’ கோபம். கோபம் யாருடைய துடிப்பையும் குறைத்ததில்லை, ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டே அவன் மனிதனாக நிற்கிறான். கருவி காட்டியது விளைவைத்தான். ஸ்கோர்போர்டு ரன் எடுப்பதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு பௌர்ணமி. அன்று சுயநினைவே போய்விடுகிறதே, கவனத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். ‘பஃபி’ தொடரின் ஓநாய் மனிதன் ஆஸுக்கு அது பொருந்தும். கூண்டுக்குள் கழிந்த இரவு அவன் நினைவில் தங்குவதில்லை. ஸ்காட் அப்படியல்ல. ஸ்டைல்ஸ் விலங்கிட்டுக் கட்டிவைத்த இரவில், ஸ்டைல்ஸ் ஆசைப்படும் லிடியா தன்னை முத்தமிட்டதைச் சொல்லி நண்பனை நிதானமாகக் குத்துகிறான். எங்கே குத்தினால் வலிக்கும் என்று கணக்குப் போடுகிறவனுக்கு நினைவு தப்பியதாகச் சொல்ல முடியாது. அது ஆலிசன் அவனை விட்டு விலகியதை அடுத்து வந்த பௌர்ணமி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலாவின் பலம் கூடவில்லை, இவன் பிடிமானம் போயிருந்தது. அடுத்தவர் கையில் நங்கூரத்தைக் கொடுத்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. உன் நங்கூரம் நீயாகவே இரு என்று தாய் மெலிசா சொல்வதற்கு மூன்றாவது சீசன் வரவேண்டியிருந்தது. விளையாட்டுக்காரனுக்கு இதை முதலில் சொல்ல வேண்டியவர் ஃபின்ஸ்டாக். அவருக்குக் கத்துவதற்கே நேரம் சரியாக இருந்தது.