கள்ளூர் அவையமும் சான்றும்: அகநானூறு 256ஆம் பாடலில் குற்றச்சாட்டும் விசாரணையும்

அகநானூற்றின் 256ஆம் பாடல் மருதத்திணையைச் சார்ந்தது. மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. பரத்தையொடு புனலாடி மீண்ட தலைவனுக்குத் தோழி வாயில் மறுக்கிறாள். அவனைப் பற்றி எழுந்த அலரின் மிகுதியைக் காட்ட, கள்ளூரில் நிகழ்ந்த ஒரு வழக்கினை உவமையாக்குகிறாள். இளம்பெண் ஒருத்தியின் நலத்தைக் கவர்ந்தவன் அவளை அறியேன் எனச் சூளுரைக்கிறான்; அவையோர் சான்றினரை வினவி அச்சூள் பொய்யெனக் காண்கின்றனர்; அவனை மரக்கிளையில் இறுகப் பிணித்துத் தலையில் நீறு பெய்கின்றனர்; அவையம் ஆரவாரிக்கிறது.

இவ்வுவமையில் விசாரணையின் ஒழுங்கு தெளிவாக உள்ளது. ஆணின் சூள் ஆணுரைத்தது என்பதால் ஏற்கப்படவில்லை. சான்று கேட்ட பின்னரே தண்டம் விதிக்கப்படுகிறது. பெண்ணின் ஒழுக்கம் ஆராயப்பட்டதாகப் பாடலில் குறிப்பில்லை. எனினும் ‘வவ்விய’ என்னும் சொல் வன்முறையைக் குறிக்கிறதா, களவில் கூடிக் கைவிட்டதைக் குறிக்கிறதா என்பதை அறுதியிட்டுரைக்க இயலாது. பாடல் வெளிப்படையாகக் கடிவது பொய்ச்சூளையே. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்னும் தொல்காப்பியக் கற்பியல் கருத்தும் இங்கு இணைத்து நோக்கத்தக்கது.

கள்ளூர் முறையின் எல்லையைக் குறுந்தொகையின் 25ஆம் பாடல் உணர்த்துகிறது. கபிலரின் அத்தலைவிக்குக் களவுக் கூட்டத்தின்போது உடனிருந்த சான்று, மீனுக்காகக் காத்திருந்த குருகு மட்டுமே. தலைவன் பொய்த்தால் அவள் எந்த அவையத்தை நாட இயலும்? மறைவில் நிகழ்வதற்குக் கண்ட சான்று கேட்பது, நடுநிலையாகத் தோன்றினும், மறுப்பவனுக்கே துணையாகிறது. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் நம்பத்தக்கதாயின் வேறு சான்று கட்டாயமன்று என 1996ஆம் ஆண்டு குர்மித் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது இவ்விடரைக் கருதியே எனலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டுமென்றே கூறப்படும் பொய்ப்புகாருக்கு நடவடிக்கையை அனுமதிக்கிறது. ஆயின், புகாரை மெய்ப்பிக்க இயலாமை மட்டுமே அதற்குப் போதாது என வரையறுக்கிறது. மெய்ப்பிக்கப்படாமையும் பொய்யும் ஒன்றல்ல என்னும் இவ்வேறுபாட்டிற்குக் கள்ளூரில் இடமிருந்ததாகத் தெரியவில்லை.

பாடலுக்குள்ளேயே மற்றொரு முரணும் உண்டு. கள்ளூரான் சான்று வினவப்பட்ட பின் தண்டிக்கப்படுகிறான். தோழியின் தலைவனோ அலரைக் கொண்டே இடித்துரைக்கப்படுகிறான். வாயில் மறுத்தலுக்கு அலர் போதும், தண்டத்திற்குப் போதாது. அலரின் பெருமையை அவையத்தின் ஆர்ப்போடு ஒப்பிடும்போது, ஆராய்ந்த முடிவும் ஆராயாத பேச்சும் ஓசையளவில் ஒன்றாகின்றன. மேற்குறித்த சட்டம் புகாரளித்தவர், எதிர்மனுதாரர் ஆகிய இருவரின் அடையாளத்தையும் மறைக்கப் பணிப்பது இவ்வோசையை விலக்குவதற்கேயாகும்.

அவ்வாரவாரத்தில் கேளாத குரல் ஒன்றுண்டு. ஆணின் மறுப்பு, சான்றினர்க்கு விடுத்த வினா, அவையத்தின் ஆர்ப்பு ஆகிய அனைத்தும் பாடலில் பதிவாகியுள்ளன. பெண் கூறியது ஒரு சொல்லேனும் இல்லை. தண்டத்திற்குப் பின் அவள் நிலை யாதாயிற்று என்பதும் கூறப்படவில்லை. குற்றவாளியைத் தண்டித்ததால் கள்ளூர் அவையம் முறை செய்தது எனலாம். அவளுக்கு நீதி கிட்டியதா என்னும் வினாவிற்குப் பாடலில் விடையில்லை.