'அவள்' என்பதா, 'அது' என்பதா? லெமின் 'சோலாரிஸ்' புதினத்தில் திணைச் சிக்கல்

ஆய்வுச்சுருக்கம்
போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்வாவ் லெம் (1921–2006) எழுதிய 'சோலாரிஸ்' (1961) புதினத்தில் கடல் படைத்தனுப்பும் பெண்ணுரு உயர்திணையா, அஃறிணையா என்னும் வினாவைத் தமிழ் இலக்கணத்தின் திணைப் பாகுபாட்டைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, சோலாரிஸ், திணை, வழுவமைதி, மொழிபெயர்ப்பு.

தமிழில் அறிவியல் புனைகதை குறித்த ஆய்வுகள் பலவும், படைப்பில் இடம்பெறும் அறிவியல் கருத்துகளைத் தொகுத்து, அவற்றுள் எவை பின்னாளில் மெய்யாயின எனச் சரிபார்ப்பதோடு நின்றுவிடுகின்றன. 'சோலாரிஸ்' அவ்வகை ஆய்வுக்குச் சிறிதும் இடம்கொடாத நூல். அதில் மெய்ப்பிக்கத்தக்க முன்னறிவிப்பு எதுவும் இல்லை. தொகுத்தலையே பணியாகக் கொண்ட ஓர் அறிவுத்துறையின் தோல்விதான் அதன் பொருள்களுள் ஒன்று.

இரு சூரியன்களைச் சுற்றும் அக்கோள், விட்டத்தில் புவியைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரியது. ஆயினும் ஐரோப்பாவின் பரப்பைவிடக் குறைந்த நிலமே அதில் உண்டு. எஞ்சியதெல்லாம் உயிருள்ள ஒரே கடல். அதனை ஆராயும் 'சோலாரிசியல்' துறையினர் கடல் எழுப்பும் உருவங்களுக்கு மிமாய்டு, சிமெட்ரியாடு எனப் பெயர் சூட்டி நூலகத்தை நிரப்புகின்றனர். ஐயப்பன்தாங்கல் என்னும் ஊர்ப்பெயரில் நிலைத்துவிட்ட 'தாங்கல்' போன்ற சொற்கள் நீரோடு வாழ்ந்தோர் இட்ட பெயர்கள். சோலாரிசியலின் பெயர்களுக்கு அத்தகைய உறவு ஏதும் இல்லை. அவை பார்த்தவரின் திகைப்பை மட்டுமே பதிவுசெய்கின்றன.

வானூர்தி 'ப்ரொமீத்தியஸ்' வழியாக ஆய்வுநிலையம் வந்தடையும் உளவியலாளன் கிரிஸ் கெல்வின், தன் ஆசிரியர் கிபாரியன் தற்கொலை செய்துகொண்டதை அறிகிறான். விழித்தெழும்போது, பத்தாண்டுகளுக்கு முன் தற்கொலை செய்து இறந்த ஹாரே அவனருகில் இருக்கிறாள். அவள் ஆடையைக் கழற்ற வழியில்லை; கத்தரித்தே எடுக்க வேண்டியுள்ளது. கெல்வினின் நினைவில் ஆடை உண்டு, அதன் கட்டமைப்பு இல்லை என்பதை லெம் இவ்வொரு நுணுக்கத்தால் உணர்த்திவிடுகிறார். முதலில் வந்த ஹாரேயை அவன் ஏவூர்தியில் அடைத்து விண்ணில் செலுத்திவிடுகிறான். இரண்டாவதாக வந்தவளை அவனால் அனுப்ப இயலவில்லை.

இவ்விடத்தில்தான் தமிழ் இலக்கணம் துணைநிற்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சுட்டு மட்டுமே இவ்வேறுபாட்டைக் காட்டும். தமிழிலோ படர்க்கை வினைமுற்று ஒவ்வொன்றும் 'வந்தாள்' எனவோ 'வந்தது' எனவோ முடிந்தாக வேண்டும். கதையைச் சொல்லும் கெல்வின் ஒவ்வொரு தொடரிலும் தீர்ப்பு வழங்கிக்கொண்டே செல்ல நேரும். நியூட்ரினோக்களாலான அவ்வுருவைக் கலைக்கும் கருவியை ஆக்க முனையும் சார்டோரியஸின் பேச்சு 'அது' என்றே அமையும். கெல்வினின் 'அவள்' இலக்கண உண்மையா, அன்றி உவப்பினால் வந்த திணை வழுவமைதியா? பசுவை 'அம்மை' என்றழைப்பவர் அது பசு என்பதை அறிந்தே அழைக்கிறார். கெல்வினும் தான் அழைப்பது எதனை என்பதை அறிவான். நுண்ணோக்கியில் அவள் குருதியைக் கண்டவன் அவன். ஆயினும் வழுவமைதி என்று கொண்டால் அவன் காதல் வெறும் தன்னுவப்பாகிவிடும். புதினம் அவ்வளவு எளிதாக முடிவுகட்டவில்லை.

காரணம், ஹாரே பேசுகிறாள். தான் யாரென ஐயுற்று, அறிந்து, திரவ ஆக்சிஜனைக் குடித்து உயிர்விட முயன்று, அதிலும் தோற்று மீள்கிறாள். 'நான்' என்று சொல்லும் அவளுக்குத் திணை எது? தொல்காப்பியம் தன்மைப் பெயர்களை உயர்திணையுள் வைக்கிறது. அதன்படி 'நான்' என்றதுமே வழக்கு முடிந்துவிடுகிறது. நன்னூலோ தன்மையை இருதிணைப் பொதுவாகக் கொள்கிறது. அதன்படி அவள் எத்தனை முறை 'நான்' என்றாலும் எதுவும் உறுதியாவதில்லை. புதினத்தின் துயரம் நன்னூலின் பக்கமே சாய்கிறது. போலந்து மொழியில் இறந்தகாலத் தன்மை வினையும் பால் காட்டும். அவள் தன்னைப் பற்றிச் சொல்லும் இறந்தகால வினை தானே பெண்பால் ஈறு பெறும். தமிழின் 'இருந்தேன்' என்பதற்கு அவ்வடையாளம் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பில் இஃது இழப்பன்று. மூலத்திற்கு இல்லாத ஓர் ஐயத்தைத் தமிழ் தன் இயல்பிலேயே வழங்குகிறது. 1970இல் வெளிவந்த ஆங்கிலப் பெயர்ப்பு பிரெஞ்சு வழியாக வந்தது. லெம் அதில் நிறைவு கொள்ளவில்லை. தமிழாக்கம் செய்வோர் அவ்வழிப் பெயர்ப்பை மட்டும் நம்பினால் இத்தகைய இடங்கள் கண்ணிலேயே படா.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் பேசும் ஜீனோவுக்கு நாய் வடிவம் அமைந்தது. அவ்வடிவமே திணை வினாவை முன்கூட்டித் தணித்துவிடுகிறது. லெம் அந்த வசதியை வாசகருக்குத் தரவில்லை.

கடலின் நிலையும் இதுவே. இறுதிப் பகுதியில் கெல்வின், குறையுடைய ஒரு கடவுளைப் பற்றி ஸ்னாவுத்துடன் உரையாடுகிறான். கடல் அக்கடவுளின் குழந்தைப் பருவமாக இருக்கலாமோ என்றும் பேச்சு எழுகிறது. மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையாகக் கொள்வது நன்னூல். அக்கருதுகோளை ஏற்றால் கடலும் திணை மாறும். ஆனால் அது கருதுகோளாகவே நின்றுவிடுகிறது. தார்க்கோவ்ஸ்கியின் திரைப்படம் (1972) இக்கேள்வியைவிட இல்லத்தையும் குற்றவுணர்வையுமே முதன்மைப்படுத்தியது. அதன் அழகு வேறு. லெமின் நூலை அதன்வழி வாசிப்பது பொருந்தாது.

ஹாரே தன்னை அழிக்கத் தானே இசைகிறாள். கெல்வினுக்கு ஒரு சிறு மடலை விட்டுச்செல்கிறாள். அதன் அடியில் தன் பெயரை எழுதி, பின் அதை அடித்துவிட்டிருக்கிறாள்.