நிலையான வழங்கிகளும் மூலபாடச் சிக்கலும்: ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்’ குறித்த ஒரு பதிப்பியல் நோக்கு

முன்னுரை

நூலொன்றின் திருத்திய பதிப்பு வெளிவருவதால் அதன் முதற்பதிப்பு மறைந்துவிடுவதில்லை. ஏதேனும் ஒரு நூலகத்தின் அடுக்கில் அது எஞ்சியிருக்கும். பின்வரும் ஆய்வாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காண்பர். இணையவழியே பல்லாயிரவர் ஒரே காலத்தில் ஆடும் விளையாட்டுகளுக்கு இவ்வாய்ப்பு இல்லை. புதிய வடிவம் நடைமுறைக்கு வரும் நாளிலேயே பழைய வடிவம் எல்லா இடத்தும் ஒருசேர இல்லாமற்போகிறது. அவ்வாறு மறைந்த வடிவங்களை மீட்டு, நிலையான வழங்கிகளில், அதாவது சர்வர்களில், மேலும் மாறாதவாறு நிறுத்தும் முயற்சி கடந்த சில ஆண்டுகளாக நிகழ்ந்து வருகிறது. அம்முயற்சிகளுள் பெரிதும் அறியப்பட்ட ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்’ என்பதைப் பதிப்பியல் நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். நிலையான வழங்கியை மூலப்படி எனக் கொள்ளாமல், பதிப்பாசிரியரின் தெரிவுகளால் ஆகிய ஒரு பதிப்பு எனக் கொண்டே ஆராய வேண்டும் என்பது இங்கு நிறுவ முயலும் கருத்தாகும்.

பனுவலின் இயல்பு

ப்ளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இரு கூறுகளாக அமைந்தது. நிலப்பரப்பு, உருவங்கள், ஒலிகள் ஆகியன விளையாடுவோரின் கணினியில் இருந்தன. பகை உயிர்கள் எவ்வாறு இயங்கும், அடியின் வலிமை எவ்வளவு, வெற்றிக்குப்பின் என்ன பொருள் கிட்டும் என்பனவற்றை முடிவு செய்த நிரல் நிறுவனத்தின் வழங்கியில் மட்டுமே இருந்தது. எனவே வட்டுகளைப் போற்றி வைத்திருந்தவரிடமும் பனுவலின் பாதியே இருந்தது எனலாம்.

2007இல் ‘பர்னிங் குருசேட்’, 2008இல் ‘ராத் ஆஃப் த லிச் கிங்’ ஆகிய விரிவாக்கங்கள் வந்தன. 2010 டிசம்பரில் வந்த ‘கேட்டகிளிசம்’ என்னும் விரிவாக்கம் பழைய நிலப்பரப்பையே உடைத்துப் புதிதாக எழுதியது. அதுவரை விதிகளே மாறி வந்தன. அதன்பின் ஊர்களும் வழிகளும் அங்கு வழங்கிய கதைகளும் மாறின. ஆறு ஆண்டுகள் மக்கள் புழங்கிய ஓர் உலகைக் காண வழியில்லாது போயிற்று.

மீட்பின் வரலாறு

பழைய வடிவத்தை மீட்கும் பணியை முதலில் மேற்கொண்டோர் ஆர்வலர்களே. வழங்கியின் நிரல் அவர்களிடம் இல்லாமையால், பழைய காட்சிப்பதிவுகள், குறிப்புகள், நினைவு ஆகியவற்றைக் கொண்டு அதன் நடத்தையை ஊகித்து எழுதினர். 2015இல் தொடங்கப்பெற்ற ‘நாஸ்டால்ரியஸ்’ இவ்வகையுள் குறிப்பிடத்தக்கது. உரிமையுடைய நிறுவனத்தின் சட்ட எச்சரிக்கையால் 2016 ஏப்ரலில் அது மூடப்பட்டது. அதனை எதிர்த்து எழுந்த விண்ணப்பத்தில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்.

அதற்கு முன் 2013இல் நடந்த நிறுவனத்தின் ஆண்டு விழாவில் பழைய வடிவ வழங்கி வருமா என்று ஒருவர் கேட்டபோது, அதனை விரும்புவதாக நீங்கள் நினைக்கிறீர்கள், உண்மையில் விரும்பவில்லை என்னும் பொருள்படத் தயாரிப்புப் பொறுப்பாளர் ஜே. ஆலன் பிராக் விடையளித்திருந்தார். 2017 நவம்பரில் அதே விழாவில் ‘கிளாசிக்’ அறிவிப்பை வெளியிட்டவரும் அவரே. 2019 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது.

எது மூலபாடம்?

இங்குப் பதிப்பியலின் முதல் வினா எழுகிறது: எந்த வடிவத்தை மூலமாகக் கொள்வது? 2004 நவம்பர் முதல் 2006 இறுதி வரை இவ்விளையாட்டு ஒரே வடிவில் இருக்கவில்லை. நிறுவனம் தெரிந்தெடுத்தது 2006 ஆகஸ்டில் வந்த 1.12 என்னும் திருத்தத்தை. தம் சேமிப்பில் அதன் நிரலும் தரவும் இருந்தன என 2018இல் அந்நிறுவனத்தார் விளக்கினர். ஆயினும் பழைய நிரலை அப்படியே இயக்கினால் அதன் பழைய பிழைகளும் பாதுகாப்புக் குறைகளும் உடன்வரும் என்பதால், அன்றைய புதிய நிரலின்மேல் பழைய தரவைப் பொருத்தும் முறையைக் கையாண்டனர். பழைய பாடம் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதப்பட்டது என்றே இதனைக் கூறவேண்டும்.

அடுத்த தெரிவு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. களங்கள் 2004 முதல் 2006 வரை வெளிவந்த வரிசையில் ஆறு கட்டங்களாகத் திறக்கப்பட்டன. ஆடுவோரின் ஆற்றல்களுக்குரிய விதிகளோ தொடக்கம் முதலே 1.12 திருத்தத்தின்படி இருந்தன. எடுத்துக்காட்டாக, ஒரு பகைவன்மீது ஒரே நேரத்தில் சுமத்தத்தக்க நலிவுகள் முதலில் எட்டாக இருந்து, 2005 செப்டம்பரில் பதினாறாக உயர்ந்தன. கிளாசிக்கில் முதல் களத்திலேயே பதினாறும் கிடைத்தன. முதற்கட்டக் களமும் இறுதிக்கட்ட விதியும் ஒருங்கே அமைந்த அத்தகைய பாடம் 2004க்கும் 2006க்கும் இடையே எந்த நாளிலும் வழக்கில் இருந்ததில்லை. வெவ்வேறு படிகளிலிருந்து பாடங்களைத் தெரிந்து கோத்த கலப்புப் பதிப்பு என்பதே இதற்குப் பொருந்தும் பெயர்.

பிழைகளை நடத்திய முறையிலும் ஒருசீர்மை இல்லை. பழைய வழங்கிகள் சில செயல்களை உடனுக்குடன் கணிக்காமல், ஏறத்தாழ 400 மில்லிநொடிக்கு ஒருமுறை தொகுத்துக் கணித்தன. அதனால் எதிரெதிர் நின்ற இருவர் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் மயக்கிவிடுவதும் உண்டு. அக்காலத் தொழில்நுட்பத்தின் குறையாகிய இத்தாமதத்தைக் கிளாசிக் முயன்று மீட்டளித்தது. ஆடுவோர் பலர் குறைகூறவே 2021இல் அதனைக் கைவிட்டது. மாறாக, 2005 செப்டம்பரில் ‘ஸுல்குரூப்’ என்னும் களத்திலிருந்து நகரங்களுக்குப் பரவிய ‘கரப்டட் பிளட்’ என்னும் கற்பனை நோய், பின்னர் திருத்தப்பட்ட ஒரு பிழையின் விளைவாதலால், மீட்கப்படவில்லை. அந்நிகழ்வை 2007இல் ‘லான்செட்’ குழும இதழொன்றில் கொள்ளைநோய் ஆய்வாளர்கள் எடுத்துப் பேசினர். ஆய்வுலகம் மிகுதியாக அறிந்த அந்நிகழ்வு, 2020இல் அதே களம் மீண்டும் திறந்தபோது நிகழவில்லை. எழுத்தரின் பிழை எது, ஆசிரியரின் பாடம் எது என்னும் பழைய சிக்கலே இது.

எனினும் நிறுவனத்தின் பணியில் பாராட்டத்தக்க கூறும் உண்டு. தம்மிடமிருந்த 1.12 மாதிரியோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். 2019இல் சோதனையாளர் பலர் பிழை எனச் சுட்டியவை உண்மையில் பழைய வடிவத்தில் இருந்தவையே எனக் காட்டும் பட்டியலொன்றையும் வெளியிட்டனர். டாரன் இனத்தாரின் தாக்கெல்லை ஏனையோரினும் சற்றுப் பெரிதாக இருப்பது அவற்றுள் ஒன்று. பதின்மூன்று ஆண்டு நினைவு ஒன்று சொல்ல, எழுத்துச் சான்று வேறொன்று சொல்லிற்று. வாய்மொழி மரபையும் ஏட்டுப் பாடத்தையும் ஒருங்கு வைத்துப் பணியாற்றியவர்களுக்கு இவ்வனுபவம் புதிதன்று. பதிப்பாசிரியரின் குறிப்புரைக்கு நிகரான இப்பட்டியல் போல, செய்த மாற்றங்கள் அனைத்திற்கும் முழுமையான குறிப்பு தந்திருப்பின் இப்பதிப்பின் மதிப்பு உயர்ந்திருக்கும்.

பாடம் மீண்டும் வாசகர் மீளாமை

நாற்பதின்மர் கூடி எதிர்கொள்ளும் ‘மோல்டன் கோர்’ களத்தின் தலைவனாகிய ராக்னரோஸ், விளையாட்டு வெளிவந்து ஐந்து மாதங்கள் கழித்து, 2005 ஏப்ரலில்தான் முதன்முதலாக வீழ்த்தப்பட்டான். 2019இல் அவன் வீழ ஒரு வாரமும் தேவைப்படவில்லை. பாடம் எளிதாக்கப்பட்டது ஒரு காரணம். பதினைந்து ஆண்டுகளில் திரண்ட கணக்கீடுகள் அனைவர் கையிலும் இருந்தமை அதனினும் பெரிய காரணம். பழைய வடிவத்தின் உயிராக அமைந்தது அறியாமை. வழிதெரியாது அலைவதும், எதிர்ப்பட்டவரைக் கேட்டறிவதும், கேட்டவரோடு நட்புக்கொள்வதுமாகிய வாழ்வு அதிலிருந்து பிறந்தது. விதியை மீட்கலாம்; அறியாமையை மீட்க இயலாது.

புதிய வாசகர் பழைய பாடத்திலிருந்து புதிய பொருளைப் பெற்றனர் என்பதும் உண்மையே. வீழ்த்திய பறவைநாகத்தின் தலையை நகரில் ஏற்றினால் அங்கு நிற்போர் அனைவர்க்கும் வலிமை கூடும் என்பது பழைய விதி. முதற்காலத்தில் பெரும்பாலும் தற்செயலாகக் கிட்டிய அப்பேற்றைக் கிளாசிக் காலத்தினர் நேரம் குறித்து, முறைவைத்துத் திரட்டினர். ஒரே விதி இருவேறு பண்பாடுகளை ஈன்றது.

பரிபாடலை இங்கு நினைவுகூரலாம். எழுபது பாடல்களுள் இருபத்திரண்டே முழுமையாகக் கிடைத்தன. கிடைத்தவற்றுள் பலவற்றிற்குப் பண்ணின் பெயரும் இசை வகுத்தோர் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன, இசையோ கிடைக்கவில்லை. ஆடுவதாலும் பாடுவதாலும் முழுமை பெறும் பனுவலில், எழுத்தைக் காத்தல் தேவையான பணியேயாயினும் போதிய பணி ஆகாது.

மற்றொரு நெறி

‘ரூன்ஸ்கேப்’ என்னும் விளையாட்டு வேறு வழியில் சென்றது. ஜாகெக்ஸ் நிறுவனம் 2007 ஆகஸ்டில் எடுத்த காப்புப்படியிலிருந்து 2013இல் ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ தொடங்கப்பட்டது. அது அந்நிலையிலேயே உறைந்துவிடவில்லை. புதிதாக எதனைச் சேர்ப்பதாயினும் ஆடுவோரின் வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்கினர் ஏற்கவேண்டும் என்னும் விதி வகுக்கப்பட்டது. 2022இல் அது 70 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இந்நெறியால் அது செழித்து வளர்ந்தது. ஆயின் இன்று அதில் நுழைபவர் காண்பது 2007ஆம் ஆண்டின் வடிவத்தை அன்று. அதன் வேரிலிருந்து கிளைத்த வேறொரு மரபையே காண்கிறார். உயிரோடு இருத்தலும் மாறாதிருத்தலும் ஒருங்கே கிட்டுவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

‘நிலையான’ என்னும் அடை

2021 ஜூனில் கிளாசிக் அடுத்த விரிவாக்கத்திற்குச் சென்றபோது, மேலே செல்லாதோர்க்கென ‘கிளாசிக் எரா’ என்னும் வழங்கிகள் தனியே நிறுத்தப்பட்டன. இரு காலத்திலும் தம் கதைமாந்தரை வைத்துக்கொள்ள விரும்பியோர் கட்டணம் செலுத்திப் படியெடுக்க வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் அதற்கடுத்த விரிவாக்கம் வந்தபோது அத்தகைய ஏற்பாடு இல்லை. ‘பர்னிங் குருசேட்’ வழங்கிகள் அனைத்தும் மாற்றப்பட்டன. மீட்கப்பட்ட வடிவம் இரண்டாம் முறையும் மறைந்தது. 2023 ஜனவரியில் உரிம ஒப்பந்தம் முடிந்தமையால் சீனத்தில் இவ்விளையாட்டு முழுவதுமே நிறுத்தப்பட்டு, 2024இல்தான் மீண்டது. நிலைபேறு என்பது வணிக ஒப்பந்தத்தின் ஆயுளுக்கு உட்பட்டது என்பது இவற்றால் தெளிவாகிறது.

சட்டத்தின் நிலையும் இதனையொத்ததே. வழங்கி நிரலைச் சட்டப்படி பெற்றிருக்கும் நூலகங்களும் அருங்காட்சியகங்களும் கைவிடப்பட்ட இணைய விளையாட்டுகளைப் பாதுகாக்க 2018இல் அமெரிக்காவில் விலக்கு வழங்கப்பட்டது. நிறுவனம் தானே முன்வந்து அளித்தாலன்றி நூலகத்திற்கு அந்நிரல் கிடைப்பதரிது. நூலக வளாகத்திற்கு வெளியிலிருந்து ஆய்வாளர் அணுக இசைவு வேண்டிய விண்ணப்பம் 2024இல் ஏற்கப்படவில்லை. ஐரோப்பாவில், 2024 மார்ச்சில் ‘த க்ரூ’ என்னும் விளையாட்டு மூடப்பட்டதை ஒட்டி எழுந்த இயக்கத்தின் விண்ணப்பம் 2025இல் பத்து இலட்சம் ஒப்பங்களைக் கடந்தது.

முடிவுரை

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்’ கவனத்தோடு செய்யப்பட்ட பதிப்பு. எனினும் கலப்புப் பாடமுடையது. முழுமையான பாடவேறுபாட்டுக் குறிப்பு இல்லாதது. அதனைக் கொண்டு 2004ஆம் ஆண்டின் விளையாட்டை ஆராய முற்படுவோர் இவ்வரையறைகளை மறவாதிருத்தல் வேண்டும். ஆடுவோர்க்கு நிலையான வழங்கி போதும். ஆய்வாளர்க்கு மேலும் மூன்று தேவைப்படுகின்றன: மாற்றங்களின் முழுப்பட்டியல், ஆடியவர்களின் காலப்பதிவுகள், நிறுவனத்தின் விருப்புவெறுப்பைச் சாராத பொதுநூலகத்தில் வைக்கப்பெற்ற நிரற்படி. இவற்றுள் மூன்றாவது இன்றேல் முதலிரண்டும், நூல் அழிந்தபின் எஞ்சிய உரைக்குறிப்புகளாகவே நின்றுவிடும்.