வெள்ளிச் சிமிழும் அதன் மாற்றும்

பொதட்டூர்பேட்டையில் தறிச்சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும், காலையில் பாட்டி பீரோவைத் திறந்து குங்குமச் சிமிழின் மூடியை எடுக்கும் மெல்லிய ‘டப்’ எனக்குக் கேட்டுவிடும். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளிச் சிமிழ். மூடியின் உச்சியில் தாமரை மொட்டு. உள்விளிம்பில் ஓரிடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். மோதிர விரல் தினமும் பட்டுப்பட்டுத் தேய்ந்த இடம் அது.

பாட்டி நகரியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். அவர் வாயில் அந்தச் சிமிழ் தெலுங்கில் ‘பரிணெ’. தாத்தா வீட்டாருக்குச் ‘சிமிழ்’. திருத்தணியும் அதையொட்டிய நம் பக்கமும் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை, ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின் தமிழகத்தோடு சேர்ந்தன. மாவட்டம் மாறியது, பீரோவுக்குள் இருந்த பொருளுக்கு மட்டும் இரண்டு பெயரும் அப்படியே நின்றன.

ஒப்பனை மேசை என்று ஒன்று நம் பழைய வீடுகளில் கிடையாது. தரையில் உட்கார்ந்து காலை நீட்டித் தலைவாரிய காலம் அது. அதனால் நம்முடைய வெள்ளி ஒப்பனைப் பொருள்கள் வரிசையாகப் பரப்பி வைக்கும் ‘செட்’டாகப் பிறக்கவில்லை. கைக்கு அடங்கும் சிறு சிறு செப்புகளாகப் பிறந்தன: குங்குமச் சிமிழ், மைக்கூடு, சந்தனக் கிண்ணம், அத்தர்க் குப்பி, சுண்ணாம்புக் கரண்டகம். கல்யாணத்துக்குக் கல்யாணம் வெளியே வரும் பன்னீர்ச் சொம்பு தனி. பின்னலுக்கு ஜடைபில்லையும் குஞ்சலமும் உண்டு. ஆண்களும் விலக்கல்ல. ஒரு சிறு வளையத்தில் முள்வாங்கியும் குறும்பிவாங்கியும் கோத்து அரைஞாணில் தொங்கவிட்டிருப்பார்கள். முன்னது காலில் தைத்த முள்ளுக்கு, பின்னது காதின் அழுக்குக்கு. குறும்பிவாங்கி என்ற அழகான சொல் இன்று பொருளோடு சேர்ந்தே மறைந்துகொண்டிருப்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இந்தப் பழக்கத்தின் வேர் ஆழமானது. கீழடி அகழாய்வில் தந்தச் சீப்பு கிடைத்திருக்கிறது. ஆனால் வெள்ளி, தமிழ் மண் தாராளமாகத் தந்த உலோகம் அல்ல. பெரும்பாலும் கடல் வழியாக, காசாக வந்ததுதான். கொங்கு நாட்டில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் அந்த வரவுக்குப் பழைய சாட்சி. மிளகும் துணியும் போயின, வெள்ளி வந்தது. நம்மைப் போன்ற நெசவு ஊர்க்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது.

காசுதான் பட்டறைக்கும் மூலப்பொருள். 1835 முதல் அச்சான கம்பெனி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. இருபது ரூபாயைக் கொடுத்தால் பத்தர் அதையே உருக்கிச் சிமிழாக்கித் தருவார். தராசின் மறுதட்டில் இன்னும் இருபது ரூபாயை வைத்து எடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். எடைக்கல்லும், மாற்று எனும் தூய்மை அளவும், மூலப்பொருளும் ஒன்றே! ரூபாய் வெள்ளி ஆயிரத்துக்கு ஏறக்குறைய 917. உலகம் கொண்டாடும் ஸ்டெர்லிங் 925. வித்தியாசம் அவ்வளவுதான். 1940இல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அதன் பிறகு காசை நம்பி உருக்கும் வழி அடைபட்டது.

பாணிகளில் சென்னையின் ‘சுவாமி வேலை’யிலிருந்து தொடங்குவதே முறை. மெல்லிய தகட்டை அரக்கின் மேல் பதித்து, பின்பக்கமிருந்து தட்டி, முன்பக்கம் உளியால் தெய்வ உருவங்களைச் செதுக்கி எழுப்பும் வேலை அது. 19ஆம் நூற்றாண்டில் மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் இதை உலகறியச் செய்தது. 1875–76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது பெற்ற பரிசுகளிலும் அந்நிறுவனத்தின் சுவாமி வேலை இருந்தது. தேநீர்க் கூஜா முதல் விசிட்டிங் கார்டுக் கூடு வரை வெள்ளைக்காரர் வீட்டுப் பொருள்களில் எல்லாம் நம் தெய்வங்கள் வரிசையாக நின்றார்கள். கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் என் மனம் அதில் முழுதாக ஒட்டவில்லை. நம் வீடுகளின் சிமிழ் மூடிகளில் கஜலட்சுமி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைத் திறந்தால் நெற்றிக்குப் போகும் குங்குமம். சர்க்கரைக் கிண்ணத்தில் அதே தெய்வம் வெறும் சித்திரம்.

வடக்கே கட்ச் பாணி வேறு. பூஜ் நகரின் உமர்சி மாவ்ஜி ‘ஓ.எம்.’ என்ற ஆங்கில எழுத்து முத்திரையோடு செய்த பொருள்களில் கொடியும் இலையும் ஊசி நுழைய இடமில்லாமல் பின்னிக் கிடக்கும். பீதர் வேலை துத்தநாகக் கலவையில் வெள்ளியைப் பதித்து, பிறகு கோட்டை மண்ணால் கலவையை மட்டும் கறுப்பாக்குவது. வெற்றிலைப் பெட்டிகளில் அதன் அழகு தனி. கரீம்நகரும் கட்டக்கும் கம்பி வேலைக்குப் பேர்போனவை. நெசவாளனின் மனம் பார்த்தவுடன் தோய்வது இந்தக் கம்பி வேலையில்தான். மெல்லிய கம்பிகளை முறுக்கி, நசுக்கி, சட்டத்துக்குள் சுருள்சுருளாக நிரப்பிப் பற்றவைக்கிறார்கள். இழைதான் அங்கேயும் எல்லாம். பற்றவைத்த இடம் கண்ணுக்குத் தெரிந்தால் வேலை தேறாது, துணியில் முடிச்சு தெரிவதைப் போல. நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகளோ வெள்ளியை அடியில் மறைத்துப் பொன்தகட்டையும் சிவப்புக் கல்லையும் மேலே காட்டுபவை; பரத மேடையில் நாம் பார்க்கும் ராக்கொடியும் ஜடைநாகமும் அந்த மரபு.

ஐரோப்பாவின் முறை நேர் எதிரானது. அங்கே முத்திரைதான் பேசும். இங்கிலாந்தில் சிறுத்தைத் தலை முத்திரை 1300இலேயே வந்துவிட்டது. ஸ்டெர்லிங்குக்கான நடக்கும் சிங்கம் 1544இல். பர்மிங்காம் மதிப்பீட்டகத்தின் நங்கூரம் 1773இல் தொடங்கியது. ஒரு பிரஷ்ஷின் ஓரத்தைப் பார்த்து ஊர், ஆண்டு, செய்தவர் மூன்றையும் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வெள்ளி முதுகுப் பிரஷ்ஷையும் கைக்கண்ணாடியையும் தராசில் வைத்தால் ஏமாறுவோம். தகடு காகிதம்போல் மெலிந்தது; உள்ளே இருப்பது மரமும் நிரப்பிய பிசினும். நம் சிமிழில் எடை முழுக்க வெள்ளி.

நம்மிடம் மதிப்பீட்டக முத்திரை இல்லாததால் தரமே இல்லை என்று வெளியூர் வியாபாரிகள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உரைகல் இருந்தது, மாற்று பார்க்கும் கண் இருந்தது, தெருமுனையில் பத்தர் இருந்தார். தவறாகச் செய்துவிட்டு அதே தெருவில் அவர் குடியிருக்க முடியாது. இன்று இந்தியத் தர அமைவனம் வெள்ளிக்கும் ஹால்மார்க் தருகிறது. 2025 செப்டம்பர் 1 முதல் பொருளுக்குப் பொருள் தனி அடையாள எண்ணும் சேர்ந்திருக்கிறது. புதிய பொருளுக்கு அதைக் கேட்டு வாங்குவதே நல்லது. பழைய பொருளுக்கு வேறு சோதனைகள் வேண்டும். என் பாட்டியின் சோதனை எளியது. மூடியைப் பிடித்துச் சிமிழைத் தூக்குவார். மூடி கழன்று கீழே விழக் கூடாது. திறக்கும்போது அடம்பிடிக்கவும் கூடாது. திருகாணி இல்லாத மூடிக்கு அந்தப் பிடிப்பைக் கொடுப்பது மயிரிழை அளவு வேலை. அதைவிடக் கடினமான தேர்வு ஒரு பத்தருக்கு இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

துலக்குவதிலும் தரம் இருக்கிறது. வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால். திருநீற்றை மெல்லிய துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். கடையில் விற்கும் திரவத்தில் மூழ்க வைத்தால், பூவேலையின் பள்ளங்களில் தங்கி உருவத்தை எடுத்துக்காட்டும் கறுப்பும் சேர்ந்து போய், நூறு வருடப் பொருள் நேற்று வார்த்ததுபோல் மொட்டையாகிவிடும்.

வீட்டுச் சந்தனக் கிண்ணத்துக்கும் திருத்தணி மலைக்கும் தொடர்பு உண்டு. அங்கே முருகனுக்குச் சந்தனம் அரைக்கும் கல்லை, தெய்வயானையின் சீராக இந்திரன் கொடுத்தான் என்பது தலபுராணம். அந்தச் சந்தனத்தை நெற்றியில் இடுவதில்லை. நீரில் கரைத்து மருந்தாகக் குடிப்பார்கள். மகளுக்குச் சீராகச் சந்தனக் கிண்ணம் வைக்கும்போது நம் பெண்கள் மலையைப் பார்த்துக் கும்பிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது வெள்ளி விலை ஏறிவிட்டது. 2025இல் கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி ஓடியது. பழைய பட்டுப்புடவையின் சரிகையை உருக்கி வெள்ளி எடுப்பது நெசவு ஊர்களுக்குத் தெரிந்த கதை. இப்போது சிமிழும் கரண்டகமும் அதே வழியில் போகின்றன. உருக்கும் கடையில் செய்கூலிக்கு மதிப்பு இல்லை, எடைக்கு மட்டுமே. தறி நின்ற வீட்டில் விற்காதே என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுங்கள், எடையைக் குறியுங்கள், யார் கொண்டுவந்த பொருள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.

போன வருடம் பாட்டியின் சிமிழில் ஒரு நெளிவு விழுந்தது. பத்தர் அதை மரக்கட்டையில் கவிழ்த்து, கொம்புச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி நிமிர்த்தினார். பிறகு அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். இத்தனை வருடம் நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு எழுத்துகள். தேய்ந்து மங்கிய தெலுங்கு ‘ல’, பாட்டியின் அம்மா பெயரின் முதலெழுத்து. அதை ஒட்டி, கொஞ்சம் புதிதாக, தமிழ் ‘ச’. பாட்டியினுடையது.