வாசலில் ஒழுங்கு, உள்ளே ஆவேசம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய ஆலைகள் வந்தபின், பயிற்சிக்காக ஜப்பான் போய்வரும் வாய்ப்பு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. புல்லட் ரயிலையும் ஃபூஜி மலையையும் எப்படியும் பார்த்துவிடுவார்கள். ஒரு ஹெவி ராக் கச்சேரியையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்பது என் சிபாரிசு.

மேடைத் திறனுக்கு உதாரணம் வேண்டுமென்றால் பேபிமெட்டல் என்ற ஜப்பானியப் பெண்கள் குழு. 2016 செப்டம்பர் 19, 20 இரண்டு இரவும் டோக்கியோ டோம் பேஸ்பால் அரங்கை நிரப்பினார்கள். மொத்தம் சுமார் 1,10,000 பேர். முதல் இரவு பாடிய பாட்டு ஒன்றுகூட மறு இரவில் இல்லை. நடுவில் பேச்சு இல்லை, ‘ஒன்ஸ்மோர்’ இல்லை. பிரதான பாடகி சு-மெட்டலுக்கு அப்போது 18 வயது. யுய்மெட்டல், மோவாமெட்டல் இருவருக்கும் 17. துள்ளாட்டத்தின் பெரும்பாரத்தை அந்த இருவரும் ஏற்றுக்கொண்டதால், நீண்ட சுரங்களுக்கு சு-மெட்டலிடம் மூச்சு மிச்சமிருந்தது. ஒரு முனையில் விக்கெட் விழாமல் பார்த்துக்கொண்டால் மறுமுனையில் அடித்து ஆடலாம் அல்லவா, அந்தக் கணக்குதான்.

ஆனால் அங்கே கூர்ந்து பார்க்க வேண்டியது ரசிகர்களை. நின்று பார்க்கும் அரங்குகளில் டிக்கெட்டிலேயே நுழைவு எண் இருக்கும். ஊழியர் எண்ணைக் கூப்பிடக் கூப்பிட, அந்த வரிசைப்படி உள்ளே போகிறார்கள். பையைக் காசு போட்டுப் பூட்டும் லாக்கரில் வைத்துவிடுவது வழக்கம். வாசலில் பானத்துக்கென்று தனிக் கட்டணம் உண்டு, பெரும்பாலும் 600 யென். சில்லறையாக எடுத்துப் போங்கள். பல கச்சேரிகளில் செல்போனில் படமெடுக்க அனுமதி இல்லை. கிடார் உறுமியதும் முன்பகுதி கொந்தளிக்கிறது. வட்டமாக ஓடுகிறார்கள், முட்டி மோதுகிறார்கள். ஒருவர் விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் கைகளை விரித்துக் கூட்டத்தைத் தடுத்து, அவரைத் தூக்கி நிறுத்துகிறார்கள். பிறகுதான் மறுபடி ஆட்டம். பாஷை தெரியாத வெளியூர்க்காரருக்கும் அதே கை நீளும்.

அது அவர்களின் பிறவிக் குணம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. 1978 ஜனவரியில் சப்போரோவில் ரெயின்போ குழுவின் கச்சேரி நெரிசலில் ஒரு மாணவி இறந்தார். 1987 ஏப்ரலில் டோக்கியோவின் ஹிபியா திறந்தவெளி அரங்கில், லாஃபின் நோஸ் என்ற பங்க் குழு மேடையேறியபோது கூட்டம் முன்னால் பாய்ந்து மூன்று பேர் பலியானார்கள். பாதுகாப்பு விதிகள் இறுகியது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

நம் ஊர்க் கதையும் தெரிந்ததே. 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மான் இசை நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களில் பலர் உள்ளே நுழையவே முடியாமல் திரும்பினார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்குக்கு வெளியே, கிரிக்கெட் வெற்றியைக் கொண்டாட வந்த 11 பேர் நெரிசலில் செத்துப்போனார்கள். இரண்டு இடத்திலும் ரசிகர்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. எந்த வாசல், எந்த நேரம், எத்தனை பேர் என்பதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் நடத்துகிறவர்கள்.

சென்னையில் கச்சேரியும் மேட்சும் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடம் கொள்ளும் அளவுக்கு மேல் ஒரு டிக்கெட்கூட விற்காதீர்கள். விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் நுழைவு எண்ணையும் உள்ளே விடும் நேரத்தையும் அச்சிடுங்கள்.