அலரும் அறத்தொடு நிலையும்: 2023 திருப்பூர் வதந்தியை முன்வைத்து இணையவழி நம்பிக்கை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழகத்தில் பீகார் மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் கூறும் பொய்க் காணொளிகள் இணையத்தில் பரவின. அவிநாசி, திருப்பூர், கோவை ஆகிய தொழிற்பகுதிகளில் அவை அச்சத்தை விளைவித்தன. இந்நிகழ்வைத் தொழில்நுட்பத்தின் தீமை என்றோ, உண்மை சரிபார்ப்பின் வெற்றி என்றோ விளக்குவது வழக்கம். இவ்விரு விளக்கங்களும் போதாமை உடையன என்பதை அக இலக்கண மரபின் அலர், அறத்தொடு நிலை ஆகிய கருத்தாக்கங்களின் துணையோடு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

குறிச்சொற்கள்: அம்பல், அலர், அறத்தொடு நிலை, வதந்தி, வடமாநிலத் தொழிலாளர், அவிநாசி

முன்னுரை

கொங்கு நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய அவிநாசிக்கு ஒரு வரலாறு உண்டு. சுந்தரர் அவ்வூர்த் தெரு வழியே செல்லும்போது ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகை ஒலியும் எழக் கேட்கிறார். காரணம் வினவுகிறார். நீராடச் சென்ற சிறுவர் இருவருள் ஒருவனை முதலை விழுங்கியதும், பிழைத்தவனுக்கு இப்போது உபநயனம் நடப்பதும் அவருக்குத் தெரியவருகின்றன. முதலைவாயிலிருந்து பிள்ளையை மீட்ட அற்புதமே பெரிதும் பேசப்படுகிறது. அவ்வற்புதத்திற்கு முன் நிகழ்வதோ மிக எளிய செயல். அயலூரிலிருந்து வந்த ஒருவர் நின்று கேட்கிறார். தெருவில் இருந்தவர்கள் விடை கூறுகிறார்கள்.

இன்றைய அவிநாசி வட்டத்தின் நூற்பாலைகளிலும் பின்னலாடை நிறுவனங்களிலும் பீகார், சார்க்கண்ட், ஒடிசா முதலிய மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் பணிபுரிகின்றனர். ஒரே தெருவில் தமிழ்க் குடும்பங்களும் வடமாநிலத் தொழிலாளர் அறைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரு வீட்டாரும் கைப்பேசி வைத்துள்ளனர். எனினும் ஒரு வீட்டில் எழும் ஒலியின் காரணத்தை மற்றொரு வீட்டார் வினவி அறியும் வழி குறைந்துள்ளது. 2023இல் நிகழ்ந்ததை இப்பின்னணியில் வைத்தே ஆராய வேண்டியுள்ளது.

நிகழ்வு

2023 மார்ச் 2ஆம் நாளையொட்டிப் பரவிய காணொளிகளுள் இரண்டைத் தமிழகக் காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு எடுத்துக்காட்டி மறுத்தார். ஒன்று, பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நிகழ்ந்த மோதல். மற்றொன்று, கோவையில் உள்ளூரார் இருதரப்பினரிடையே நிகழ்ந்த மோதல். இரண்டிலும் தமிழர் பீகாரியரைத் தாக்கவில்லை. ஆயினும் செய்தி பீகார் சட்டமன்றம் வரை சென்றது. அம்மாநில அரசு அதிகாரி பாலமுருகன் தலைமையில் நால்வர் குழுவை அனுப்பியது. அக்குழு திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்களை நேரில் சந்தித்தது. மார்ச் 8இல் ஹோலிப் பண்டிகை. பண்டிகைக்காக ஊர் சென்றவர் யார், அச்சத்தால் சென்றவர் யார் என்று பிரித்தறிய இயலாதவாறு தொடர்வண்டி நிலையங்களில் கூட்டம் நிறைந்தது.

இதற்குச் சில வாரங்கள் முன்பு, 2023 சனவரி இறுதியில், வேறொரு காணொளி எதிர்த்திசையில் பரவியிருந்தது. திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் உள்ளூர்த் தொழிலாளரைத் துரத்தும் காட்சி அது. தேநீர்க் கடையில் தொடங்கிய சச்சரவே அது என்று காவல்துறை விளக்கமளித்தது. தமிழ்ச் சமூக ஊடகங்களிலோ அக்காட்சி, வடமாநிலத்தார் ஊரைக் கைப்பற்றிவிட்டனர் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. மார்ச் மாத வதந்தியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் சனவரியை மறந்துவிடுகின்றன. இரண்டையும் ஒருசேரக் கண்டால்தான், ஏமாந்தது ஒரு தரப்பு மட்டுமன்று என்பது விளங்கும்.

அம்பலும் அலரும்

களவொழுக்கம் பிறர்க்குப் புலனாகும் நிலைகளை அக இலக்கணம் அம்பல், அலர் என இரண்டாகப் பகுக்கிறது. சிலர் மட்டும் அறிந்து வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். பலரறியப் பேசப்படுவது அலர். உரையாசிரியர்கள் முன்னதை மொட்டுக்கும் பின்னதை மலர்ச்சிக்கும் ஒப்பிடுவர். அம்பலும் அலரும் களவை வெளிப்படுத்துவன என்பது தொல்காப்பியர் கருத்து.

அலரின் அளவு நிகழ்வின் அளவுக்குப் பொருந்துவதில்லை என்பதைச் சங்கப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். குறுந்தொகை 393ஆம் பாடலில், தலைவனோடு கூடிய நாள்கள் மிகச் சில என்றும், எழுந்த அலரோ போர்க்களத்தில் கொங்கர் எழுப்பிய ஆரவாரத்தினும் பெரிது என்றும் பரணர் பாடுகிறார். சிறு நிகழ்வு, பெரும் ஒலி என்னும் இம்முரண் இன்றைய பரவலுக்கும் பொருந்தும்.

எனினும் வேறுபாடுகள் ஒற்றுமையைவிட முக்கியமானவை. முதலாவதாக, சங்க அலர் ஊரலர். பேசுவோரும் பேசப்படுவோரும் கேட்போரும் ஒரே ஊரினர். அலர் தூற்றும் பெண்டிர் யார் என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும். எனவே அப்பேச்சை எடைபோட முடியும். 2023இன் அலருக்கு வாய் இல்லை. முகமற்ற கணக்குகளே உண்டு. அதன் பயணமும் தலைகீழானது. பீகாரில் காணொளியைக் கண்ட தாயும் மனைவியும் அவிநாசியிலோ திருப்பூரிலோ இருந்தவரை அழைத்து, உடனே ஊர் திரும்புமாறு வேண்டினர். நிகழ்விடத்தில் இருந்தவர், தம் தெருவில் நிகழ்ந்ததாகக் கூறப்பட்டதை ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து கேட்டறிந்தார்.

இவ்விடத்தில் தொழில்நுட்பத்தை மட்டும் குற்றம் சாட்டும் விளக்கம் தடுமாறுகிறது. வதந்தி அறிமுகமற்றவர் சொல்லால் மட்டும் வலிமை பெறவில்லை. தாயின் குரலில் வந்ததாலேயே வலிமை பெற்றது. மாத ஊதியத்தை நொடியில் வீட்டிற்கு அனுப்பவும் குழந்தையின் முகத்தைத் திரையில் காணவும் உதவுவது அதே கைப்பேசிதான். ஏற்கெனவே இருந்த நம்பிக்கையின் வழித்தடத்தில்தான் பொய்யும் பயணம் செய்தது. அடுத்த வீட்டுத் தமிழரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளும் வழித்தடமோ அமைந்திருக்கவில்லை.

இரண்டாவதாக, சங்க அலர் உண்மையாக நிகழ்ந்த ஒன்றை வெளிப்படுத்துகிறது. மார்ச் மாதத்து அலருக்கு அடியில் அத்தகைய நிகழ்வு இல்லை. ஆயினும் அது எதையும் வெளிப்படுத்தவில்லை எனக் கூற இயலாது. பல்லாண்டுகள் அருகருகே உழைத்தும் இரு தரப்பினரும் தம்முள் வாய்விட்டுப் பேசாதிருந்த ஐயம், அதாவது அம்பல் நிலையிலேயே உறைந்திருந்த அச்சம், சனவரியில் ஒருபுறமும் மார்ச்சில் மறுபுறமும் அலராயிற்று. நிகழ்வைப் பொறுத்தவரை அவ்வலர் பொய். உறவின் நிலையைப் பொறுத்தவரை அது மெய்.

எண்ணிக்கை என்னும் தீர்வு

தொழில்நுட்ப நிறுவனங்கள் பரவலின் அளவைக் கட்டுப்படுத்தும் தீர்வைத் தேர்ந்தன. 2018இல் குழந்தைக் கடத்தல் வதந்திகளால் இந்தியாவின் பல பகுதிகளில் உயிர்கள் பறிபோயின. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். இதன் பின்னர், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் இந்தியாவில் வரம்பு விதித்தது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு இரட்டை அம்புக்குறி இடப்பட்டது. 2020 ஏப்ரலில் அத்தகைய செய்திகளுக்கான வரம்பு ஓர் உரையாடலாகக் குறைந்தது.

இவை பரவலின் விரைவைக் குறைப்பன என்பதில் ஐயமில்லை. ஆனால் இரட்டை அம்புக்குறி தெரிவிப்பது ஒன்றே: இது அலர். யார் வாயிலிருந்து பிறந்தது, எவ்வூரில் நிகழ்ந்தது, யாரிடம் கேட்டு அறியலாம் என்பவற்றுக்கு அதில் விடை இல்லை. பலர் பேசினர் என்பதை ஐயத்திற்குரிய காரணமாகச் சிலர் கொள்வர். பலர் பேசுவதாலேயே உண்மையாயிருக்கும் என்று வேறு சிலர் கொள்வர்.

அறத்தொடு நிலை

அலரை எதிர்கொள்ள அக மரபு வகுத்த வழி அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உண்மையை உரைப்பர். ஒவ்வொருவரும் தம்மை நம்புகின்ற அடுத்தவரிடம் மட்டுமே பேசுகின்றனர். தோழி ஊர் மன்றத்தில் நின்று மறுப்பு அறிவிப்பதில்லை.

தோழி அறத்தொடு நிற்கும் முறைகளாக எளித்தல், ஏத்தல், வேட்கை உரைத்தல், கூறுதல் உசாதல், ஏதீடு, தலைப்பாடு, உண்மை செப்பும் கிளவி என ஏழனைத் தொல்காப்பியம் தொகுக்கிறது. உண்மையை உள்ளவாறே கூறுதல் ஏழனுள் ஒன்று. அதுவும் இறுதியில் நிற்பது. ஏனைய ஆறும் கேட்பவரின் மனத்தை உண்மை ஏற்கும் நிலைக்குக் கொணரும் வகைகள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் ஒரே கூற்றாக அமைகின்றன. சுருங்கச் சொல்லத்தக்க உண்மைக்கு அத்தனை அடிகள் தேவைப்படுவதன் காரணம், செவிலியின் மனநிலையே.

உண்மை சரிபார்ப்பு மட்டுமே தீர்வு என்னும் கருத்தின் குறை இங்குப் புலனாகிறது. காவல்துறையின் மறுப்பு தேவையானது, விரைந்தும் வந்தது. ஆனால் அது ஏழாம் முறை மட்டுமே. அரசு அதனோடு நில்லாமல் இந்தி பேசுவோரைக் கொண்டு உதவி எண்களை இயக்கியதும், அதிகாரிகள் தொழிற்கூடங்களுக்கே சென்று தொழிலாளர்களிடம் பேசியதும், பீகார் குழு நேரில் வந்து கேட்டறிந்து தன் மாநிலத்தார்க்கு உரைத்ததும் அறத்தொடு நிலையின் சங்கிலியை ஒத்தவை. பாட்னாவில் இருந்தவர் தமிழகக் காவல்துறையை நம்ப வேண்டிய தேவை குறைந்தது; தம் அரசு அனுப்பியவர் சொல்லை நம்பினால் போதும்.

ஒப்பீட்டின் எல்லை

இவ்வொப்பீட்டிற்கு எல்லை உண்டு. தோழி தலைவியின் நலனையே தன் நலனாகக் கொண்டவள். தொழிற்கூடத்தில் தோழியின் இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் ஆள் திரட்டும் ஒப்பந்ததாரர் அல்லது மேற்பார்வையாளர். தொழிலாளி ஊர் திரும்பாமல் இருப்பதில் அவர்க்கு ஆதாயம் உண்டு. ‘அஞ்ச வேண்டா, வேலையைத் தொடர்க’ என்னும் அவரது உறுதிமொழியை ஒரு தொழிலாளி ஐயுற்றால் அது அறியாமை ஆகாது. நியாயமான எச்சரிக்கையே ஆகும். அலர் என்னும் கருத்தாக்கமும் குற்றமற்றது அன்று. பெண்ணின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தி இற்செறிப்புக்கு வழிவகுத்ததும் அதுவே. சங்கச் சிற்றூர் நம்பிக்கையின் பொற்காலம் எனக் கொள்வதற்கு இக்கட்டுரையில் இடமில்லை. எடுத்துக்கொள்ளப்படுவது ஒரு நெறி மட்டுமே: ஆதாயம் இல்லாதவர், கேட்பவர் அறிந்த முகத்தோடு, கேட்பவர் மொழியில் உரைக்கும்போதே உண்மை ஏற்கப்படுகிறது.

அத்தகையவர் இன்று மிகச் சிலரே. ஆண்டுக்கணக்கில் ஒரே எந்திரத்தில் மாறி மாறிப் பணிபுரியும் தமிழரும் பீகாரியரும் உற்பத்தியில் ஒத்துழைக்கின்றனர். அவ்வொத்துழைப்பு வாசலைத் தாண்டியதும் முடிந்துவிடுகிறது. விடுதி தனி, கடை தனி, கைப்பேசித் திரையின் மொழியும் தனி. ஒத்துழைப்பு இருப்பதனாலேயே நம்பிக்கை இருக்கும் என்னும் எண்ணத்தை 2023 பொய்யாக்கியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: இணையத் தொழில்நுட்பம் புதிதாக நம்பிக்கையை உண்டாக்குவதோ, இருப்பதை அழிப்பதோ இல்லை, ஏற்கெனவே உள்ள உறவுகளின் வழியே சொல்லை விரைந்து செலுத்துகிறது. உறவு இல்லாத இடத்தை அது நிரப்புவதில்லை. அவ்வெற்றிடத்தின் அளவை ஒரே இரவில் காட்டிவிடுகிறது. பரவலை எண்ணுவதும் பொய்யை மறுப்பதும் தேவையானவை. எனினும் அவை அறத்தொடு நிலையின் ஒரு கூறே ஆகும். எஞ்சிய கூறுகள் வதந்தி இல்லாத நாள்களில், தொழிற்கூடத்திற்கு வெளியே, இருமொழி அறிந்த அண்டை வீட்டாரால் ஆற்றப்பட வேண்டியவை. அடுத்த அலர் எழும் நாளில் அவர்களைத் தேடுவது காலம் கடந்த செயலாகும்.

சுந்தரர் அவிநாசித் தெருவில் கேட்ட இரு ஒலிகளும் எதிரெதிர் வீடுகளிலிருந்து எழுந்தவை. அவற்றின் காரணத்தை அவர் அத்தெருவிலேயே கேட்டறிந்தார். அவ்வாறு கேட்கவும் விடை பெறவும் இயலும் தெருவாக இன்றைய அவிநாசி அமைந்துள்ளதா என்பதே 2023 எழுப்பிய வினா.